மிதிகட்டை

வால்பரைசோ துறைமுகத்துக்கு மேலே
மூன்றாவது குன்றில் எங்கள் சலவைக்கூடம்.
நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள்,
நாளொன்றுக்கு ஆறாயிரம்.
நான் பொறுப்பேற்ற மாதம்
ஒன்பது பேர் வேலையை விட்டிருந்தார்கள்.

தலைமை அலுவலகம் ஒரு சுவரொட்டி அனுப்பியது.
பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண், அவளுக்குக் கீழே
'மகிழ்ச்சி உன் கையில்.'
சோடாக்காரம் தோலுரித்த கையில் பிடித்து
எதுவிஹெஸ் அதை வாசித்தாள்.
எட்டாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தாள்.
நன்றாகவே தாங்கியது.

யோசனைப் பெட்டி வைத்தேன்.
பதினொரு நாள் கழித்துத் திறந்தால்
ஒரு மிட்டாய்த் தாள்,
ஒரு பேருந்துச் சீட்டு,
பென்சிலில் ஒரு கேள்வி:
'சாவி யாரிடம் இருக்கிறது?'

அன்றிரவு தூங்கவில்லை என்று சொன்னால் பொய்.
தூங்கினேன். காலையில் பல் விளக்கும்போதுதான்
உறைத்தது.
சாவியைக் கொண்டுபோய்
எல்லோரும் தேநீர்க் கோப்பை மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டு
அலுவலறையைச் சாத்திக்கொண்டு
இரண்டாம் இஸ்திரி எந்திரத்தில்
ஒரு வாரம் நின்றேன்.

புதன்கிழமைக்குள் என் இடது இடுப்பு
மனு எழுதிவிட்டது.
'மிதிகட்டை நாலு விரல் உயரம் அதிகம்'
என்றான் நிகனோர், விரிப்பின் மறுமுனையிலிருந்து.
எத்தனை நாளாக?
'எந்திரம் வந்த நாளாக.
யாரோ நெட்டையர்களுக்குச் செய்தது.'
ஏன் சொல்லவில்லை?
அவன் ஓரத்தை இழுத்தான்,
நானும் இழுத்தேன்.
எங்களுக்கு நடுவே அந்தக் கேள்வி
சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்தது.

அதை அறுத்துப் பற்றவைக்க
ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது;
கூலியாகப் பொரித்த மீன் போதும் என்ற
கப்பல் பட்டறைக்காரர் ஒருவரும்.

அதன்பின் பேச்சு வந்தது,
அடைத்த குழாயில் முதலில் துருவும்
அப்புறம் தண்ணீரும் வருகிற மாதிரி.
வசை. பழைய பாக்கி.
போன மேலாளரின் மாமியார் வரைக்கும்.
மகனின் காதுச் சிகிச்சைக்குக் காலை வேளை வேண்டும்,
தன் இரவு முறையை யாராவது எடுத்துக்கொள்வார்களா
என்று மிரேயா கேட்டாள்.
பகல் முறையில் இருந்த ரோசெந்தோ
தனக்கு இரவுதான் பிடிக்கும் என்றான்.
நான்கு வருடம்
ஒருவர் விரும்பியதை மற்றவர் சுமந்துகொண்டு
ஒரே வாசலில் எதிரெதிரே கடந்துபோயிருக்கிறார்கள்.
வணக்கம் கூடச் சொல்லிக்கொண்டு.

மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் கேட்டார்கள்.
காற்றுக்கு என்று நினைத்தேன்.
கப்பல் பார்க்கவாம்.
கொடியை வைத்து எந்த நாடென்று பந்தயம்,
தோற்றவர் மறுநாள் எல்லோருக்கும் ரொட்டி.
பனாமா என்று சொன்னால் பாதி நாள் ஜெயித்துவிடலாம்;
அதை எனக்கு மட்டும்
மூன்று மாதம் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் நிகனோர் விலகினான்.
மிதிகட்டை அறுத்த நாளில்
தீப்பொறியைப் பார்த்துக்கொண்டே நின்றவன்;
அந்தப் பட்டறையிலேயே சேர்ந்துவிட்டான்.
கடைசி நாள் தன் மேலாடையைத் தானே தேய்த்து
மடித்து வைத்துவிட்டுப் போனான்.
தலைமை அலுவலகத்தின் படிவத்தில்
அவனுக்கு ஒரு கட்டம்தான் இருந்தது: இழப்பு.
நிரப்பினேன்.
பக்கத்துக் கட்டம்
'பணியாளர் மகிழ்ச்சி, நூற்றுக்கு.'
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவு தட்டப்படவில்லை, திறந்தது.
புதிதாகச் சேர்ந்த சோசிமோ,
நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம்.
'இரண்டாம் எந்திரத்தின் மிதிகட்டை
ரொம்பத் தாழ்வு' என்றான்.
'முழங்கால் வலிக்கிறது.'

அவன் சேர்ந்து
அன்றைக்கு மூன்றாவது நாள்.